பத்திரத்தில் எட்டரை சென்ட், பட்டாவில் ஏழு சென்ட். வீட்டை விற்பதற்கு முன் எதை முதலில் திருத்துவது?

பலாமூட்டுவீடு எழுதியது:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படித்துவிட்டு யாராவது வழி சொல்லுங்கள். தக்கலைக்குப் பக்கத்தில் அப்பா கட்டிய வீடு இருக்கிறது. அப்பா 2019-இல் தவறிவிட்டார். அம்மா தனியாக இருக்க முடியாமல் நாகர்கோவிலில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார்கள், நான் மஸ்கட்டில் வேலையில் இருக்கிறேன், வீடு இரண்டு வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. போன மழைக்கு அடுக்களைச் சுவர் ஊறிப் பூஞ்சை பிடித்துவிட்டது என்று அக்கா போட்டோ அனுப்பினாள். அதைப் பார்த்த பிறகுதான் விற்றுவிடலாம் என்று மூன்று பேரும் முடிவெடுத்தோம்.

வாங்க வந்தவர்கள் நல்ல மனிதர்கள், கணவன் மனைவி இருவரும் ஆசிரியர்கள். விலை பேசி, 3 லட்சம் அட்வான்ஸ் வாங்கி, 3 மாதக் கெடு போட்டு அத்தான் முன்னின்று ஒப்பந்தம் எழுதினார். அம்மா மட்டும் கையெழுத்துப் போட்டார்கள். அவர்கள் பேங்க் லோனுக்குப் போனார்கள். பேங்க் வக்கீல் எங்கள் தாள்களைப் பார்த்துவிட்டு அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார். அதன் பிறகுதான் நானே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தேன், அதுவரை அந்தக் கவரைப் பிரித்துப் பார்த்ததே இல்லை.

1987-இல் அப்பா வாங்கிய கிரயப் பத்திரத்தில் ரீசர்வே எண் (மறு அளவையில் கொடுத்த எண்) 312/4, விஸ்தீரணம் எட்டரை சென்ட். அதில் அப்பாவின் பெயர் சரி, ஆனால் "இன்னார் மகன்" என்று வருகிற இடத்தில் என் தாத்தா பெயருக்குப் பதிலாக விற்றவருடைய அப்பா பெயர் இருக்கிறது. 37 வருடத்துக்கு மேல் யாரும் கவனிக்கவில்லை. ஆன்லைனில் பட்டா எடுத்துப் பார்த்தால் எண் 312/4ஏ என்று இருக்கிறது, பெயர் இன்னும் விற்றவர் பெயர்தான், விஸ்தீரணம் 2.83 ஏர் என்று போட்டிருக்கிறது, கணக்குப் போட்டால் ஏழு சென்ட்தான் வருகிறது. ஒன்றரை சென்ட் எங்கே போயிற்று என்று தெரியவில்லை, சுற்றுமதில் அப்பா காலத்திலிருந்து அதே இடத்தில்தான் இருக்கிறது. வீட்டு வரி ரசீது தாத்தா பெயரில், பழைய கதவு எண்ணில், ஓட்டு வீடு என்று வருகிறது. அங்கே இருப்பது 1994-இல் கட்டிய கான்கிரீட் வீடு.

புரோக்கர் சொல்வது, "பட்டாவையெல்லாம் பார்த்துக் கொண்டிருந்தால் நாள் போகும், பத்திரத்தில் எட்டரை என்று இருக்கிறதல்லவா, எட்டரை என்றே எழுதிக் கொடுத்துவிடுங்கள், லோன் வேண்டாம் என்று சொல்லும் வேறு பார்ட்டியை நான் கொண்டு வருகிறேன்" என்று. எனக்கு மனம் ஒப்பவில்லை. எதை முதலில் திருத்த வேண்டும், கோர்ட்டுக்குப் போக வேண்டியிருக்குமா, நான் நேரில் வர வேண்டுமா? இன்னொன்று, அக்காவுக்குக் கல்யாணத்தின்போதே நகையும் பணமும் கொடுத்தாகிவிட்டது, அவளும் எதுவும் கேட்கவில்லை, அவள் கையெழுத்தும் வேண்டுமா என்று அம்மா கேட்கிறார்கள்.

பழையபேனா எழுதியது:

தம்பி, நான் முப்பது வருடத்துக்கு மேல் இந்த மாவட்டத்தில் பத்திரம் எழுதுகிறவன். முதலில் அந்த புரோக்கரை நிறுத்துங்கள். ஏழா எட்டரையா என்று உங்களுக்கே தெரியாத நிலத்தை எட்டரை என்று எழுதிக் கொடுத்தால், நாளைக்கு வாங்கினவர் அளந்து பார்த்துவிட்டு உங்கள் மேல்தான் வருவார். சொத்துரிமை மாற்றுச் சட்டம் 1882, பிரிவு 55, விற்கிறவருக்குத் தெரிந்த குறையை வாங்குகிறவரிடம் சொல்லியாக வேண்டும் என்கிறது. உங்களுக்கு இப்போது தெரியும். தெரிந்த பிறகு மறைத்தால் அது வேறு கதையாகிவிடும், அதுவும் 3 லட்சம் கையில் வாங்கி வைத்துக்கொண்டு.

எல்லோரும் செய்கிற தவறு, நேராக இ-சேவை மையத்துக்குப் போய் பட்டா மாற்ற விண்ணப்பம் போடுவது. உங்கள் நிலையில் அது திரும்பித்தான் வரும். பத்திரத்தில் அப்பா பெயரின் அடையாளமே தப்பாக இருக்கிறது, எண் 312/4 என்று இருக்கிறது, கணக்கில் 4ஏ என்று இருக்கிறது, அளவு வேறு. பார்க்கிற அதிகாரி எதை நம்பி உத்தரவு போடுவார்? அதனால் முதலில் நிலம், அடுத்தது பத்திரம், அதற்கப்புறம் பட்டா, கடைசியில் வீட்டு வரி. நான் இந்த வரிசையில்தான் செய்யச் சொல்வேன்.

நிலம் என்றால், அளப்பது. அளப்பதற்கு முன்னால் மூன்று தாள் எடுத்து வையுங்கள்: 312/4-இன் புலப்படம் (நிலத்தின் அளவு வரைபடம்), அ-பதிவேட்டு (கிராம நிலக் கணக்கு) நகல், பக்கத்து உட்பிரிவான 312/4பி-யின் பட்டா விவரம். எனக்கு என்ன தோன்றுகிறது என்றால், விற்றவர் உங்கள் அப்பாவுக்கு எட்டரை சென்ட் கொடுத்துவிட்டு மீதியை வேறொருவருக்குக் கொடுத்திருப்பார். அந்த இரண்டாவது ஆள் முதலில் போய்ப் பட்டா கேட்டிருப்பார், அவருக்காக 4 என்ற எண்ணை 4ஏ, 4பி என்று பிரித்திருப்பார்கள். உங்கள் அப்பா விண்ணப்பமே போடாததால் 4ஏ விற்றவர் பெயரிலேயே நின்றுவிட்டது. பிரிக்கும்போது கோடு எங்கே விழுந்ததோ அங்கேதான் உங்கள் ஒன்றரை சென்ட் இருக்கும். பட்டாவில் 0 - 2.83 என்று இருக்கிறதே, முதல் எண் ஹெக்டேர், அடுத்தது ஏர். ஒரு ஏர் என்றால் 2.47 சென்ட். உங்கள் கணக்கு சரிதான், ஏழு சென்ட். எட்டரைக்கு 3.44 ஏர் இருக்க வேண்டும். இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி மனுவோடு சேர்த்துக் கொடுங்கள், சென்ட்டையும் ஏரையும் குழப்பிக்கொண்டு வருகிறவர்களே அதிகம், தெளிவாக இருந்தால் எடுத்துப் படிப்பார்கள்.

எல்கை அளந்து காட்டச் சொல்லும் விண்ணப்பத்தையும் இப்போது இணையத்திலேயே போடலாம். சர்வேயர் பக்கத்து நிலக்காரர்களுக்கு நோட்டீஸ் கொடுத்துவிட்டுத்தான் வருவார். அன்று அம்மா அங்கே இருந்தே ஆக வேண்டும், எந்த மரம் யாருடையது, மதில் எப்போது கட்டியது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும்.

அளந்து எவ்வளவு வருகிறதோ அதுதான் உங்கள் கையில் இருக்கும் பொருள். எட்டரை வந்தால் எட்டரைக்குப் போராடலாம். ஏழே முக்கால் வந்தால் ஏழே முக்காலுக்குத்தான் விற்க வேண்டும்.

பத்திரத்தில் இருக்கும் பெயர்ப் பிழைக்கு, சார்பதிவகத்தில் சான்றிட்ட நகல் ஒன்று கேட்டு வாங்குங்கள். உங்கள் கையில் இருக்கும் அசலில் இருக்கும் பிழை அலுவலகப் படியிலும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், இரண்டும் மாறியிருந்த கட்டுகளை நான் பார்த்திருக்கிறேன். இரண்டிலும் பிழை என்றால் பிழைத்திருத்தல் பத்திரம் போட வேண்டும். அதை எழுதிக் கொடுக்க வேண்டியவர் அன்று விற்றவர். அவர் இல்லையென்றால் அவருடைய வாரிசுகள் எல்லோரும். உங்கள் பக்கம் அப்பாவுக்குப் பதில் அம்மா, அக்கா, நீங்கள். பெயர்ப் பிழை மட்டும் என்றால் செலவு அதிகமில்லை. ஆனால் அதே பத்திரத்தில் விஸ்தீரணத்தையோ எண்ணையோ மாற்றி வேறு சொத்து போல ஆக்கினால் புதுக் கிரயம் மாதிரி முத்திரைத்தீர்வை கேட்பார்கள், அதை இதோடு கலக்க வேண்டாம்.

கோர்ட்டைப் பற்றிக் கேட்டீர்கள். விற்றவரின் வாரிசுகள் வர மறுத்தால் குறிப்பிட்ட பரிகாரச் சட்டம் 1963, பிரிவு 26-இன் கீழ் பத்திரத்தைத் திருத்தித் தரச் சொல்லி வழக்குப் போடலாம். ஆனால் அதற்கு வருடங்கள் போகும். அதற்கு முன்னால் ஒரு தடவை நேரில் அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள். போனில் பேசாதீர்கள். கையெழுத்து என்றதும் எல்லோருக்கும் பயம் வரும், பத்திரத்தைக் கையில் கொடுத்து, இந்த ஒரு வரிதான், உங்களிடமிருந்து எதையும் எடுக்கவில்லை என்று காட்டினால் பெரும்பாலும் வந்துவிடுவார்கள்.

அந்த ஒப்பந்தம் பதிவு செய்ததா? தமிழ்நாட்டில் 2012 திருத்தத்துக்குப் பிறகு வீடு, நிலம் விற்பனை ஒப்பந்தத்தையும் பதிந்தாக வேண்டும். அம்மா மட்டும் கையெழுத்துப் போட்டது இன்னொரு குறை. வாங்குபவர்களிடம் உள்ளதை உள்ளபடி சொல்லி, கெடுவை நீட்டி, எல்லோரும் கையெழுத்திட்டுப் புதிதாக எழுதிக்கொள்ளுங்கள்.

பலாமூட்டுவீடு எழுதியது:

அண்ணாச்சி, ரொம்ப நன்றி. அந்த 4பி பற்றிச் சொன்னது அப்படியே சரி. இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன், பக்கத்து வீட்டுக்காரர் பெயரில் இருக்கிறது, அவரும் அதே ஆளிடமிருந்து வாங்கியவர்தான். ஒப்பந்தம் பதியவில்லை, முத்திரைத்தாளில் எழுதியதோடு சரி. இன்றைக்கே அந்த ஆசிரியரைக் கூப்பிட்டுப் பேசினேன், எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நீங்களே சொன்னதால் காத்திருக்கிறோம்" என்றார். ஒரு சந்தேகம், வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தேன், 312/4ஏ என்று கொடுத்தால் அப்பாவின் பத்திரமே வரவில்லை. பதிவே ஆகவில்லையோ என்று நெஞ்சு அடைத்துவிட்டது.

கருங்கல்காரி எழுதியது:

தம்பி பயப்பட வேண்டாம், எங்களுக்கும் இதேதான் நடந்தது. வில்லங்கத்தில் பத்திரம் எந்த எண்ணில் பதிவானதோ அந்த எண்ணைக் கொடுத்தால்தான் வரும். நீங்கள் கொடுத்தது இன்றைய உட்பிரிவு எண். 312/4 என்று கொடுங்கள், அப்புறம் பத்திரத்திலேயே பழைய சர்வே எண் என்று இன்னொன்று இருக்கும், அதையும் கொடுத்துத் தனியாக ஒரு வில்லங்கம் எடுங்கள். பத்திர எண்ணும் வருடமும் கொடுத்துத் தேடினாலும் வரும். நம் மாவட்டத்தில் இந்தப் பழைய எண், ரீசர்வே எண் குழப்பம் இல்லாத வீடே கிடையாது.

எங்கள் கதையைச் சொல்கிறேன். அம்மை வழி வந்த பதினொன்று சென்ட் புரையிடம் (வீட்டுமனை), கருங்கல் பக்கம். மூலப்பத்திரம் மலையாளக் கணக்கில் கொல்லம் 1121-ம் ஆண்டு மேட மாதம் எழுதியது, முழுக்க மலையாளம், அதுவும் பழைய கூட்டெழுத்து. கொல்லம் வருஷத்தோடு 825 கூட்டினால் வருவது 1946 ஏப்ரல், மே. 1956 நவம்பர் 1-க்கு முன்னால் நாம் திருவிதாங்கூர், திரு-கொச்சியில்தானே இருந்தோம், அந்தக் காலத்துத் தாள்கள் பலவும் அப்படித்தான் இருக்கும். சென்னையிலிருந்து வந்த ஒரு வக்கீல் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, இது பத்திரமா என்று கேட்டார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, எங்கள் அம்மை அதை ஒரு பித்தளைச் செல்லப் பெட்டியில் வைத்து, வருடா வருடம் வெயிலில் காய வைத்துப் பாதுகாத்தது. அப்புறம் நம் ஊரிலேயே மலையாளம் படிக்கத் தெரிந்த ஒரு ஆவண எழுத்தர் இரண்டு நாள் உட்கார்ந்து வரிக்கு வரி தமிழில் எழுதிக் கொடுத்தார். அதில்தான் தெரிந்தது, கிழக்கு எல்கை இடவழி என்று நாங்கள் நினைத்திருந்தது பத்திரப்படி எங்கள் நிலம், இடவழி அதற்கும் கிழக்கே. அதற்குள் பக்கத்துக்காரர் அதில் வாழை வைத்துவிட்டார். அந்தச் சண்டை பேசி முடிய எட்டு மாதம் ஆயிற்று.

அதனால் உங்கள் அப்பாவின் 1987 பத்திரத்தோடு நின்றுவிடாதீர்கள். விற்றவருக்கு அந்த நிலம் எப்படி வந்தது என்று உங்கள் பத்திரத்திலேயே எழுதியிருக்கும், அந்த முன்னாதாரத்தின் நகலையும் எடுத்துவிடுங்கள். பேங்க்காரர்கள் அடுத்து அதைத்தான் கேட்பார்கள், ஒரு தடவையில் எல்லாவற்றையும் கேட்கவே மாட்டார்கள், ஒவ்வொன்றாகத்தான் கேட்பார்கள்.

இன்னொன்று, பத்திரத்தில் இருக்கிற வட்டத்தின் பெயரும் கிராமத்தின் பெயரும் இப்போதைய பட்டாவில் இருப்பதும் ஒன்றா என்று பாருங்கள். எங்களுடையதில் பத்திரம் விளவங்கோடு வட்டம் என்று சொல்கிறது, பட்டா கிள்ளியூர் வட்டம் என்று சொல்கிறது, ஏனென்றால் இடையில் வட்டம் பிரிந்துவிட்டது. உங்கள் பக்கம் கல்குளத்திலிருந்து திருவட்டாறு பிரிந்தது போல. இது பிழை இல்லை, ஆனால் புதுப் பத்திரத்தில் "முன்பு இன்ன வட்டம், தற்போது இன்ன வட்டம்" என்று இரண்டையும் எழுதாவிட்டால் அடுத்து வாங்குகிறவர் இதே இடத்தில் மாட்டுவார்.

குழித்துறைவக்கீல் எழுதியது:

அக்கா கையெழுத்து பற்றி யாரும் சொல்லவில்லை, அதை நான் சொல்கிறேன், ஏனென்றால் நம் மாவட்டத்தில் பாதி வழக்குகள் இதில்தான் வருகின்றன. தம்பி, அக்காவின் கையெழுத்து கண்டிப்பாக வேண்டும். கல்யாணத்துக்கு நகை போட்டதால் சொத்தில் பங்கு இல்லாமல் போகாது. இது அப்பா தன் பணத்தில் வாங்கியது, உயில் எழுதாமல் போயிருக்கிறார். நீங்கள் இந்து என்றால் இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-இன்படி அம்மா, அக்கா, நீங்கள் மூவருக்கும் சம பங்கு. அப்பாவின் அம்மா அப்போது உயிருடன் இருந்திருந்தால் அவருக்கும் ஒரு பங்கு. கிறிஸ்தவர் என்றால் இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925-இன்படி அம்மாவுக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதியில் அக்காவுக்கும் உங்களுக்கும் சரி பாதி.

கிறிஸ்தவக் குடும்பங்களில் இன்னும், "பெண்ணுக்கு ஸ்ரீதனம் கொடுத்தாகிவிட்டது, அத்தோடு முடிந்தது" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அது திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம் 1916 இருந்த காலத்துப் பேச்சு. அதில் மகனுக்குக் கிடைப்பதில் கால் பங்கு அல்லது 5,000 ரூபாய், எது குறைவோ அதுதான் மகளுக்கு. மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1986-இல் தீர்ப்புச் சொல்லிவிட்டது, 1951 ஏப்ரல் 1 முதலே அந்தச் சட்டம் இங்கே செல்லாது, இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் என்று. பழைய திருவிதாங்கூரில் இருந்த நமக்கும் அதுதான். அதனால் உங்கள் பத்திரத்தில் மட்டுமல்ல, விற்றவரின் பக்கத்திலும் பாருங்கள். அவருக்கு அந்த நிலம் அப்பா வழியில் வந்து, சகோதரிகள் கையெழுத்து இல்லாமல் உங்கள் அப்பாவுக்கு விற்றிருந்தால் பேங்க் வக்கீல் அதையும் பிடிப்பார்.

அக்காவிடம் தனியாக விடுதலைப் பத்திரம் (பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம்) வாங்கலாம், ஆனால் எப்படியும் விற்கத்தான் போகிறீர்கள் என்றால் மூன்று பேரும் விற்பவர்களாகச் சேர்ந்து ஒரே கிரயப் பத்திரத்தில் கையெழுத்திட்டுவிடுங்கள், ஒரு செலவு மிச்சம். பணத்தை எப்படிப் பிரிப்பது என்பது உங்கள் வீட்டு விஷயம், ஆனால் அக்காவிடம் வாய்விட்டுக் கேளுங்கள். கேட்கவில்லை என்பதால் வேண்டாம் என்று அர்த்தமில்லை. நானும் ஒரு வீட்டின் மகள், அதனால்தான் சொல்கிறேன்.

பட்டாவுக்கு அப்பாவின் இறப்புச் சான்று, வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்று இரண்டும் வேண்டும். வாரிசுச் சான்றில் பெயர்கள் ஆதாரில் இருப்பது போலவே வருகிறதா என்று விண்ணப்பிக்கும்போதே பாருங்கள். வட்டாட்சியர் உத்தரவு உங்களுக்கு எதிராக வந்தால் பட்டா பாஸ்புத்தகச் சட்டம் 1983-இன்படி கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு, அதற்கு மேல் மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வு. பக்கத்து வீட்டுக்காரர் எதிர்த்து நின்றால் மட்டும் உரிமையியல் நீதிமன்றம்.

நேரில் வர முடியாவிட்டால் மஸ்கட்டில் இந்தியத் தூதரகத்தில் பவர் எழுதி அனுப்பலாம், இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்டிச் சேர்க்க வேண்டும். கிரயம் பதியும் நேரத்தில் நீங்கள் உயிருடன் இருப்பதற்கான சான்றும் கேட்பார்கள். என் யோசனை, லீவு கிடைத்தால் வந்துவிடுங்கள். உங்கள் சிக்கலில் நாலு பேரை நேரில் பார்த்துப் பேச வேண்டியிருக்கிறது, பவர் வாங்கின அத்தானால் அது முடியாது.

தோவாளைப்பூ எழுதியது:

வீட்டு வரியைச் சின்ன விஷயம் என்று விட்டுவிடாதீர்கள். பேரூராட்சியில் தாத்தா பெயர், ஓட்டு வீடு என்று இருந்தால், 1994 கான்கிரீட் வீடு அவர்கள் கணக்கிலேயே இல்லை என்றுதான் அர்த்தம். பெயர் மாற்றமும் அளவு திருத்தமும் சேர்த்தே மனு கொடுங்கள், அளந்து புது வரி போடுவார்கள், கொஞ்சம் கூடத்தான் வரும், கட்டிவிடுங்கள். கரண்டு இணைப்பு அப்பா பெயரில் இருந்தால் பழைய பில் இரண்டு எடுத்து வையுங்கள், அந்த வீட்டில் அப்பாதான் இருந்தார் என்பதற்கு அது உதவும். எங்கள் வீட்டுக் காரியத்தில் 1996-ம் வருடத்துத் தீர்வை ரசீது ஒன்றுதான் கடைசியில் கை கொடுத்தது. அம்மாவிடம் சொல்லி அலமாரி, டிரங்குப் பெட்டி, சாமி படத்துக்குப் பின்னால் என்று எல்லா இடத்திலும் தேடச் சொல்லுங்கள்.

பலாமூட்டுவீடு எழுதியது:

இரண்டு மாதம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். 25 நாள் லீவில் ஊருக்கு வந்தேன், நீங்கள் சொன்ன வரிசைப்படியே செய்தேன்.

சர்வேயர் வந்த அன்று அம்மாவை நாற்காலி போட்டு முற்றத்தில் உட்கார வைத்தோம். மூன்று கல் கிடைத்தது, தென்கிழக்கு மூலைக் கல் கிடைக்கவே இல்லை. அம்மாதான், "பலா மூட்டில் பாருங்க, அப்பா அதுமேலதான் அரிவாள் தீட்டுவாங்க" என்று சொன்னார்கள். மண்ணைத் தோண்டினால் வேர் கல்லைச் சுற்றிப் பிடித்திருக்கிறது, அரை அடி ஆழத்தில், மேலே தேய்ந்து வழவழவென்று. அதை வைத்து அளந்தார்கள். மதிலுக்குள் இருப்பது 7.9 சென்ட். மீதி 0.6 சென்ட் இடவழியில் இருக்கிறது, ஆட்டோ உள்ளே வரட்டும் என்று அப்பா மதிலை உள்ளே தள்ளிக் கட்டியது அப்போதுதான் அம்மாவுக்கு ஞாபகம் வந்தது. பட்டாவில் ஏழு என்று இருக்கிறதே, அந்த 0.9 சென்ட் நம் கிணறு இருக்கும் துண்டு, அண்ணாச்சி சொன்னது போலவே பிரிக்கும்போது 4பி-க்குள் போய்விட்டது.

பக்கத்து வீட்டு மாமா என்ன சொல்வாரோ என்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அவர் புலப்படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "உங்க கிணத்துல தண்ணி கோரித்தான் எங்க வீட்டையே கட்டினோம், அது எங்களுடையது என்று சொல்ல எனக்கு வாய் வருமா" என்றார். சம்மதக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டார். இரண்டு பேரும் சேர்ந்து மனு கொடுத்திருக்கிறோம், எங்களுக்கு 2.83 என்பது 3.20 ஏர் ஆக வேண்டும், அவருக்கு அவ்வளவு குறைய வேண்டும். வட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரணை முடிந்துவிட்டது, உத்தரவுக்காகக் காத்திருக்கிறோம்.

விற்றவரின் பிள்ளைகள் மூன்று பேர், ஒருவர் திருவனந்தபுரத்தில். நேரில் போனேன். மூத்தவர் முதலில் யோசித்தார், தங்கையைக் கேட்க வேண்டும் என்றார், பத்திரத்தை அவர்களிடமே விட்டுவிட்டு வந்தேன். நான்காம் நாள் கூப்பிட்டார்கள். பிழைத்திருத்தல் பத்திரம் பதிந்தாகிவிட்டது. வில்லங்கமும் 312/4 என்று போட்டதும் வந்துவிட்டது.

அக்காவிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, "எனக்குப் பணம் பெரிசில்லை, ஆனா கேட்டியே" என்றாள். மூன்றாகப் பிரிக்கிறோம். ஒப்பந்தத்தை மூன்று பேரும் கையெழுத்திட்டுப் புதிதாகப் பதிந்தோம், பத்திரப்படி எட்டரை, அளவுப்படி 7.9, விற்பது 7.9 என்று மூன்றையும் தெளிவாக எழுதி. விலையில் சென்ட் கணக்குக்குக் குறைத்துவிட்டேன். ஆசிரியர் வீட்டம்மா கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு, இதை மூட மாட்டோம் என்று அம்மாவிடம் சொன்னார்கள்.

இப்போது ஒரே ஒரு சிக்கல் பாக்கி. விற்றவரின் முன்னாதாரம் கிடைத்துவிட்டது, கொல்லம் 1119, மலையாளம். பேங்கில் தமிழ் மொழிபெயர்ப்பு கேட்கிறார்கள். கருங்கல் அக்கா, உங்களுக்கு எழுதிக் கொடுத்த அந்த ஆவண எழுத்தர் இன்னும் எழுதுகிறாரா?

கருங்கல்காரி எழுதியது:

எழுதுகிறார் தம்பி, கண் ஆபரேஷன் முடிந்து இப்போது காலையில் மட்டும் உட்காருகிறார். விவரத்தைத் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன். மங்கலான நகல் போதாது, தெளிவான பிரதியாகக் கொண்டு போங்கள், ஓரத்தில் இருக்கும் எழுத்தெல்லாம் விழுந்திருக்க வேண்டும், எல்கை விவரம் அங்கேதான் ஆரம்பிக்கும்.